உங்கள் புள்ளடி எங்கே போகிறது? இலங்கைப் பாராளுமன்றத் தேர்தல்: புதிய வாக்காளருக்கு ஒரு வழிகாட்டி

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் 32,767 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. அதே மாவட்டத்தில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் சைக்கிள் சின்னத்துக்கு விழுந்தவை 27,986. அதற்கு ஓர் ஆசனம் கிடைத்தது. செல்லாச் சீட்டுகள் எல்லாம் ஒரு கட்சியாக நின்றிருந்தால் மாவட்டத்தில் மூன்றாம் இடம் அதற்குத்தான். வரிசையில் நின்று, விரலில் மை பூசி, சீட்டை மடித்துப் போட்டுவிட்டு வந்த இத்தனை பேரின் வாக்கு கணக்கிலேயே வரவில்லை. வேண்டுமென்றே சீட்டைக் கெடுத்தவர்களும் இவர்களில் இருந்திருப்பார்கள். ஆனால் முறை விளங்காமல் கெடுத்தவர்களுக்கு உதவ வழி இருக்கிறது. முறை கொஞ்சம் சிக்கலானதுதான், ஒருமுறை விளங்கிவிட்டால் மறக்காது.

225 பேர் எங்கிருந்து வருகிறார்கள்

பாராளுமன்றத்தில் 225 உறுப்பினர்கள். இவர்களில் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களில் மக்கள் வாக்கால் தெரிவாகிறார்கள். மீதி 29 பேர் தேசியப் பட்டியல் வழியாக வருகிறார்கள்.

நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. குழப்பம் வடக்கில்தான். யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும் சேர்ந்து யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னி. அம்பாறை நிர்வாக மாவட்டத்துக்குத் தேர்தல் பெயர் திகாமடுல்ல.

மாவட்டத்துக்கு எத்தனை ஆசனம் என்பது நிலையானதல்ல. 196 இல் 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு என்ற கணக்கில் ஒன்பது மாகாணங்களுக்கும் சமமாகப் போகின்றன. மீதி 160 ஆசனங்களும் பதிவான வாக்காளர் தொகைக்கு ஏற்பப் பிரிக்கப்படுகின்றன. பதிவு குறைந்தால் ஆசனமும் குறையும். யாழ்ப்பாணத்துக்கு 2010 இல் 9 ஆசனங்கள் இருந்தன. 2015 இலும் 2020 இலும் 7. 2024 இல் 6. கம்பஹாவுக்கு 2024 இல் 19, கொழும்புக்கு 18. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் இன்னும் இடமில்லை. ஊரில் இருந்துகொண்டும் பெயரைப் பதியாமல் விடுகிறவர் தன் ஒரு வாக்கை மட்டும் இழக்கவில்லை, மாவட்டத்தின் ஆசனக் கணக்கையும் குறைக்கிறார்.

பெயர் இடாப்பில் இருக்கிறதா

அடையாள அட்டை கையில் இருப்பது வேறு, வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது வேறு. முதல்முறை வாக்களிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். 18 வயது ஆனதும் பெயர் தானாக ஏறாது. இடாப்பு ஆண்டுதோறும் பெப்ரவரி 1 ஆம் திகதியைக் கணக்கு நாளாக வைத்துத் திருத்தப்படுகிறது. அந்த நாளில் நீங்கள் வழமையாக வசிக்கும் முகவரியே உங்கள் வாக்குரிமை இடம். அதற்குப் பின் 18 வயதை எட்டுகிறவர்களைச் சேர்க்கக் குறைநிரப்பு இடாப்புகளும் உண்டு.

கிராம அலுவலர் வாக்காளர் பதிவுக்காக வீட்டுக்குக் கொண்டுவரும் பீ.சி. படிவத்தில் வீட்டிலுள்ள தகுதியான எல்லோருடைய பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். கொழும்பில் வேலை பார்க்கும் பிள்ளையின் பெயரை ஊரிலும் எழுதி, தங்கியிருக்கும் இடத்திலும் எழுதினால் ஒன்று வெட்டப்படும். திருத்திய இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலோ அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துச் சரிபார்க்கலாம். விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை கொடுக்க அதுதான் நேரம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடித் திரிந்து பயனில்லை, அந்தத் தேர்தலுக்கு ஏற்கெனவே அத்தாட்சிப்படுத்திய இடாப்பே செல்லும்.

யார் போட்டியிடுகிறார்கள்

இங்கே தனி ஆள் தனியாக நிற்க முடியாது. கட்சியோ சுயேச்சைக் குழுவோ மாவட்டத்துக்கு ஒரு பட்டியல் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஆசனத் தொகையை விட மூன்று பெயர் கூடுதலாக இருக்க வேண்டும். ஆறு ஆசனம் என்றால் ஒன்பது பேர். 2024 இல் யாழ்ப்பாணத்தில் 44 பட்டியல்கள், ஆக 396 வேட்பாளர்கள், ஆறு கதிரைகளுக்கு. வாக்குச்சீட்டின் நீளத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வேட்பாளராக நிற்க முடியாது.

வாக்களிக்கும் நாள்

2024 இல் வாக்களிப்பு காலை 7 முதல் மாலை 4 வரை நடந்தது, 2020 இல் மாலை 5 வரை. நேரம் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதால் அறிவித்தலைப் பாருங்கள். வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை கட்டாயமில்லை, இருந்தால் உங்கள் பெயரைத் தேடுவது சுலபம், அவ்வளவுதான். கட்டாயமானது அடையாள ஆவணம். தேசிய அடையாள அட்டை, செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை, மதகுருமாருக்கான அட்டை ஆகியவற்றில் ஒன்று போதும். எதுவும் இல்லாதவர் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்னரே படத்துடன் கிராம அலுவலரிடம் போய்த் தற்காலிக அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். வாக்களிப்பு நாள் காலையில் போய் நின்றால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

தனியார் துறையில் வேலை செய்வோர் விடுமுறையைக் கேட்டு வாங்குங்கள். வேலையிடத்திலிருந்து வாக்களிக்கும் இடம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள். 40 முதல் 100 வரை ஒரு நாள். 100 முதல் 150 வரை ஒன்றரை நாள். அதற்கு மேல் இரண்டு நாள். சம்பளமும் பிடிக்கக்கூடாது, சொந்த விடுமுறையிலும் கழிக்கக்கூடாது. விண்ணப்பம் எழுத்தில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் அலுவலர் உங்கள் பெயரையும் இலக்கத்தையும் உரக்க வாசிப்பார், கட்சி முகவர்கள் கேட்பதற்காக. அடுத்தவர் விரலில் மை பூசுவார், அதற்கு அடுத்தவர் சீட்டைத் தருவார். சீட்டின் பின்புறம் உத்தியோகபூர்வ முத்திரை இருக்கிறதா என்று ஒரு கணம் பார்த்துக்கொள்ளுங்கள். முத்திரையில்லாத சீட்டு எண்ணும்போது தள்ளுபடியாகும். கைபேசியை வெளியே விட்டுவிட்டுப் போங்கள், சீட்டைப் படம் எடுப்பது குற்றம்.

சீட்டில் என்ன செய்வது

சீட்டில் இரண்டு பகுதிகள். மேற்பகுதியில் கட்சிகளின் பெயரும் சின்னமும். கீழ்ப்பகுதியில் வெறும் இலக்கங்கள்; வேட்பாளர் பெயர் எதுவும் இராது.

முதலில் மேலே, நீங்கள் விரும்பும் ஒரே ஒரு கட்சிக்கோ குழுவுக்கோ எதிரேயுள்ள கட்டத்தில் ஒரு புள்ளடி (X) இடுங்கள். இதுதான் வாக்கு. மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

பிறகு கீழே போய் அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் விரும்பிய மூவர் வரை அவர்களுடைய இலக்கத்தின் மேல் புள்ளடி இடலாம். இதை விருப்பு வாக்கு என்கிறோம். ஒருவருக்குப் போடலாம், இருவருக்குப் போடலாம், போடாமலும் விடலாம். மூன்றுக்கும் ஒரே பெறுமதி, முதலாம் இரண்டாம் மூன்றாம் என்ற வரிசை கிடையாது. வரிசைப்படுத்துவது ஜனாதிபதித் தேர்தலில். அந்தப் பழக்கத்தில் இங்கே வந்து 1, 2, 3 என்று எழுதி வம்பை விலைக்கு வாங்காதீர்கள், புள்ளடி மட்டும் போதும்.

இனிப் பிழைகள். மேலே கட்சிக்குப் புள்ளடி இடாமல் கீழே இலக்கங்களுக்கு மட்டும் இட்டால் முழு வாக்கும் போயிற்று. ஆளைத் தெரியும், கட்சி எதுவானால் என்ன என்று நினைப்பவர்கள் செய்யும் பிழை இது. மேலே இரண்டு கட்சிகளுக்கு இட்டாலும் அதே கதி. பெயர், கையொப்பம், வாசகம் என உங்களை இனங்காட்டும் எதை எழுதினாலும் வாக்குச் செல்லாது. வேட்பாளரைத் திட்டி எழுதி மனம் ஆறுகிறவர்கள் உண்டு; அதை வாசிப்பது எண்ணும் அலுவலர் மட்டுமே. ஆனால் கீழே மூன்றுக்கு மேல், நான்கு ஐந்து இலக்கங்களுக்கு இட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் செல்லாமற் போகும், கட்சி வாக்கு தப்பிவிடும்.

இன்னொரு பிழை கண்ணுக்குத் தெரியாதது. கீழேயுள்ள இலக்கங்கள் எல்லாக் கட்சிக்கும் பொதுவானவை. நீங்கள் வீட்டுச் சின்னத்துக்கு வாக்களித்துவிட்டு, சங்குச் சின்னத்தில் நிற்கும் தெரிந்தவருக்காக 5 ஆம் இலக்கத்தில் புள்ளடி இட்டால் அது வீட்டுச் சின்னப் பட்டியலின் 5 ஆம் ஆளுக்கே போய்ச் சேரும். சீட்டும் செல்லும், வாக்கும் எண்ணப்படும், உங்களுக்கு முகமே தெரியாத ஒருவர் அதில் பயனடைவார். ஆகவே வீட்டிலிருந்து புறப்படும்போதே கட்சியும் இலக்கங்களும் மனதில் இருக்க வேண்டும். வாக்களிப்பு நிலையத்தில் வேட்பாளர் பட்டியல் ஒட்டியிருப்பார்கள், ஆனால் 396 பெயர்களுக்குள் தேடுவது அங்கே நின்று செய்கிற வேலையல்ல.

கைதவறிச் சீட்டைக் கெடுத்துவிட்டால் பெட்டியில் போடாதீர்கள். தலைமை தாங்கும் அலுவலரிடம் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டுக் கேட்கலாம். பலருக்கு இது தெரியாது, தெரிந்தவரும் கூச்சத்தில் கேட்பதில்லை. பார்வைக் குறைபாடோ உடல் இயலாமையோ உள்ளவர் உரிய சான்றிதழை முன்கூட்டியே பெற்று உதவியாளர் ஒருவரை அழைத்து வரலாம்.

வாக்கு ஆசனமாகும் கணக்கு

இதற்கு யாழ்ப்பாணத்தின் 2024 முடிவையே எடுத்துக்கொள்வோம். செல்லுபடியான வாக்குகள் 325,312. ஆசனங்கள் 6.

முதல் வேலை வெட்டுப்புள்ளி. மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் 5 வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற எல்லோரும் கழிக்கப்படுவார்கள். 1988 வரை சட்டத்தில் இது 12.5 வீதமாக இருந்தது. அரசியலமைப்பின் பதினைந்தாம் திருத்தம் குறைத்தது. இங்கே 5 வீதம் என்றால் 16,266 வாக்குகள். ஐக்கிய மக்கள் சக்தியின் தொலைபேசிச் சின்னத்துக்கு 15,276. 990 வாக்குகளால் வெளியே போனது. தேறியவர்கள் ஆறு பேர்: திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830, வீடு (இலங்கைத் தமிழரசுக் கட்சி) 63,327, சைக்கிள் 27,986, ஊசிச் சின்னத்தில் நின்ற சுயேச்சைக் குழு 17 க்கு 27,855, சங்கு (ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) 17,730. கூட்டினால் 240,241.

இரண்டாவது, போனஸ் ஆசனம். மாவட்டத்தில் முதலிடம் பெற்றவருக்கு ஓர் ஆசனம் சும்மா கிடைக்கும். திசைகாட்டிக்கு 1. மீதி 5.

மூன்றாவது, ஓர் ஆசனத்துக்கு எத்தனை வாக்கு என்பது. 240,241 ஐ 5 ஆல் வகுத்தால் 48,048.2, பின்னம் வந்தால் அடுத்த முழு எண், ஆக 48,049. இந்த எண் திசைகாட்டிக்குள் ஒரு தடவை போகும், மிச்சம் 32,781. வீட்டுக்குள் ஒரு தடவை, மிச்சம் 15,278. மற்ற நால்வரும் அந்த எண்ணை எட்டவில்லை. அவர்களுடைய முழு வாக்கும் மிச்சமாகவே நிற்கும். இன்னும் 3 ஆசனங்கள் பாக்கி.

நான்காவது, மிச்சங்களைப் பெரியதிலிருந்து வரிசையாக அடுக்குவது. திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986, சுயேச்சைக் குழு 27,855. மூன்றும் முடிந்தன. சங்கு 5,342 வாக்குகளால் தவறியது. இறுதியில் திசைகாட்டி 3, வீடு 1, சைக்கிள் 1, சுயேச்சைக் குழு 1.

24.85 வீத வாக்குக்கு பாதி ஆசனங்கள் கிடைத்தது எப்படி என்று பலர் வியந்தார்கள். போனஸில் ஒன்று, முழு எண்ணிக்கையில் ஒன்று, மிச்சத்தில் ஒன்று. இதில் மர்மம் எதுவும் இல்லை. வீடு அதன் 63,327 வாக்குகளில் 48,049 ஐ ஒரே ஆசனத்துக்குச் செலவழித்தது, 27,855 பெற்ற குழுவுக்கும் கிடைத்தது அதே ஒன்றுதான். இன்னும் ஆழமாகப் பார்க்க வேண்டியது வெட்டுப்புள்ளியில் விழுந்த தொகை: 325,312 இலிருந்து 240,241 போனால் 85,071. முதலிடம் பெற்ற கட்சியின் வாக்கை விட அதிகம். 44 பட்டியல்களாகச் சிதறினால் நடப்பது இதுதான். அந்த வாக்குகள் செல்லுபடியானவை, ஆனால் ஓர் ஆசனத்தையும் தொடவில்லை.

ஆசனம் கட்சிக்குக் கிடைத்த பிறகே விருப்பு வாக்குகள் பார்க்கப்படும். கட்சி பெற்ற ஆசனங்களுக்கு, அதே பட்டியலில் அதிக விருப்பு வாக்குப் பெற்றவர்கள் வரிசையாகப் போவார்கள். வேறு கட்சிக்காரரோடு உங்கள் வேட்பாளருக்கு விருப்பு வாக்கில் போட்டியே இல்லை, போட்டி தன் கட்சிக்காரரோடுதான். தேர்தல் காலத்தில் ஒரே மேடையில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். விருப்பு வாக்கு எண்ணுவது தனி வேலை என்பதால் ஆசனக் கணக்கு முதலில் வரும், ஆட்களின் பெயர் பிந்தி வரும்.

தேசியப் பட்டியல்

இதற்குத் தனி வாக்கு இல்லை. நாடு முழுவதும் கட்சி பெற்ற மொத்த வாக்கின் விகிதப்படி 29 ஆசனங்கள் பிரிக்கப்படும். இங்கே 5 வீத வெட்டுப்புள்ளி கிடையாது. அதனால்தான் 2020 இல் எந்த மாவட்டத்திலும் ஓர் ஆசனமும் வெல்லாத ஐக்கிய தேசியக் கட்சி, 2.15 வீத வாக்கோடு ஒரு தேசியப் பட்டியல் ஆசனம் பெற்றது. அந்த ஒற்றை ஆசனத்தில் 2021 ஜூனில் போய் அமர்ந்த ரணில் விக்கிரமசிங்க, 2022 ஜூலை 20 இல் பாராளுமன்ற வாக்கெடுப்பில் 134 வாக்குகள் பெற்று ஜனாதிபதியானார். கட்சி தேசியப் பட்டியலில் முன்கூட்டி அறிவித்த பெயர்களிலிருந்தும் ஆளை அனுப்பலாம், மாவட்டத்தில் போட்டியிட்டுத் தோற்றவரையும் அனுப்பலாம். இரண்டாவது வழியைச் சட்டம் அனுமதிக்கிறது. வாக்காளருக்கு அது பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

2024 இல் தேசிய மக்கள் சக்தி மாவட்டங்களில் 141, தேசியப் பட்டியலில் 18, மொத்தம் 159 பெற்றது. அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு என்பது 150.

உள்ளே போனவர்கள் என்ன செய்கிறார்கள்

ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டையில் தியவன்னா ஓயாவின் நடுவே 1982 இல் திறக்கப்பட்ட கட்டடத்தில் சபை கூடுகிறது. முதல் நாளில் சபாநாயகர் தெரிவு, பிறகு சத்தியப்பிரமாணம். தனிநாட்டுக்கு எதிரான, அரசியலமைப்பின் ஆறாம் திருத்த உறுதிமொழியும் இதில் அடக்கம். அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுகளுக்கு வராதவர் ஆசனத்தை இழப்பார். 1983 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்த பின்னணியில் இந்த இரண்டு விதிகளும் இருந்தன.

மாவட்ட ஆசனம் வெற்றிடமானால் இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். தேசியப் பட்டியல் ஆசனம் என்றால் கட்சி பெயர் கொடுக்கும். கட்சி ஒருவரை விலக்கினால் ஒரு மாதத்தில் ஆசனமும் போகும். அந்த மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்கிட்டால் விலக்கியது சரியா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கும். ஆசனம் ஆளுக்கு அல்ல, பட்டியலுக்கு என்ற தர்க்கம் கடைசிவரை வருகிறது.

அரசாங்கத்தையும் ஜனாதிபதியையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். ஜனாதிபதி தனித் தேர்தலில் வருகிறவர். நம்பிக்கையில்லாப் பிரேரணை வென்றால் பிரதமரும் அமைச்சரவையும் போவார்கள், ஜனாதிபதி போகமாட்டார். பாராளுமன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு. முதற் கூட்டத்திலிருந்து இரண்டரை ஆண்டு ஆகும்வரை, பாராளுமன்றமே தீர்மானம் எடுத்துக் கேட்டாலொழிய ஜனாதிபதி அதைக் கலைக்க முடியாது. இந்தக் காலம் நாலரை ஆண்டாக இருந்த 2018 இல் அவசரப்பட்டுக் கலைத்ததை, டிசம்பர் 13 அன்று உயர் நீதிமன்றம் செல்லாது என்றது.

சபை நடக்க 20 பேர் இருந்தால் போதும். தொலைக்காட்சியில் வெற்றுக் கதிரைகளைக் கண்டு சபை கலைந்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். யாராவது உறுப்பினர் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டினால்தான் மணி அடிக்கும். பல உறுப்பினர்கள் அந்நேரம் குழு அறைகளில் இருக்கலாம். அரச கூட்டுத்தாபனங்களின் கணக்கைத் துருவும் கோப் குழு, திணைக்களங்களின் கணக்கைப் பார்க்கும் கோபா குழு ஆகியவற்றில் அதிகாரிகள் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். உங்கள் பிரதிநிதியின் உழைப்பை அளக்க மேடைப் பேச்சை விட, வாய்மூல வினாக்களில் அவர் கேட்டவையும் குழுக்களில் பேசியதும் நல்ல அளவுகோல். சபைப் பேச்சுகளின் பதிவேடான ஹன்சாட்டில் எல்லாம் பதிவாகியிருக்கும், தமிழில் பேசியது தமிழிலேயே.

சட்டம் ஆகும் வழி: சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வெளிவரும். பிறகு சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் (அன்றைய அலுவல்களின் பட்டியலில்) ஏறும், முதலாம் வாசிப்பு. விவாதமும் வாக்கெடுப்பும் இரண்டாம் வாசிப்பில். பிறகு வாசகம் வாசகமாகத் திருத்தும் குழுநிலை, அதன்பின் மூன்றாம் வாசிப்பு. சாதாரணச் சட்டத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு 150, சில உறுப்புரைகளுக்கு அதற்கு மேல் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். சர்வசன வாக்கெடுப்புத் தேவைப்படாத சட்டத்துக்கு ஜனாதிபதியின் கையொப்பம் வேண்டியதில்லை. சபாநாயகர் சான்றுப்படுத்தியதும் அது சட்டம்.

சாதாரணப் பிரசை தலையிடக்கூடிய இடம் இந்தப் பாதையில் ஒன்றே ஒன்று. ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்த நாளிலிருந்து குறுகிய காலக்கெடுவுக்குள் எவரும் உயர் நீதிமன்றத்தில் மனுக் கொடுத்து, சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று வாதிடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும், அதுவரை சபை அதைத் தொடர முடியாது. சபாநாயகரின் சான்று விழுந்த பிறகு அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க இயலாது. ஆகவே ஒரு சட்டமூலம் உங்கள் தொழிலையோ காணியையோ பாதிக்கும் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது வர்த்தமானியையும் ஒழுங்குப் பத்திரத்தில் அது ஏறிய திகதியையும். சட்டத்தரணியிடம் போகும்போது அந்த இரண்டையும் கையோடு கொண்டு போங்கள்.